வாட்ச் 112 என்கிறது, லேப் 8.6 என்கிறது: சர்க்கரை நோயோடு களைத்துப்போன ஒரு சகோதரிக்கு

தஞ்சாவூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கூட்டுறவு வங்கி வேலை. ஏழு வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடமாகப் பிரஷர். உயரம் 154 செ.மீ., எடை 74 கிலோ. காலை நாலே முக்காலுக்கு எழுந்து மாமியாருக்குக் கஞ்சி, மற்றவர்களுக்கு டிபன், மூன்று டப்பா மதியச் சாப்பாடு, 7.50 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. "நட, எடையைக் குறை, சோற்றைக் குறை, காலைப் பார், கண்ணைக் காட்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்போது என்று யாரும் சொல்வதில்லை" என்று எழுதுகிறார்.

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் மகன், ஊசி குத்தாமலே சுகர் காட்டும் என்று 3,200 ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு வாட்ச் வாங்கித் தந்திருக்கிறான். அது எப்போதும் 110க்கும் 130க்கும் நடுவில்தான் காட்டுகிறது. அதை நம்பி மூன்று மாதமாக இரவு நேரச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மலாக வந்ததால் அந்த மாத்திரையையும் விட்டுவிட்டார். இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் போன வாரம் 8.6. ஹீமோகுளோபின் 9.8. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பதைப் போகிறபோக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறார்.

அவர் கேட்பவை: லேப் தப்பா, வாட்ச் தப்பா? காலனியில் ஒரு பெண் வாரம் ஒரு ஊசி போட்டு 9 கிலோ குறைந்திருக்கிறார், எனக்கும் போடலாமா? கணவரின் உறவினர் ஒருவர் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நாலு லட்சம் என்கிறார், செய்யலாமா? "இன்னும் அஞ்சாறு வருஷத்தில் எல்லாத்துக்கும் வழி வந்துடும்மா, ரொம்பக் கஷ்டப்படாதே" என்று மகன் சொல்கிறான், காத்திருக்கலாமா? கடைசி வரி இது: "நான் சோம்பேறியா டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற நாலுக்கும் அதுதான் வேர்.

நாங்கள் உங்களுக்கு எழுதித் தருகிற வேலைகளை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். நடைக்கு முக்கால் மணி. தனியாகக் காய் நறுக்க, தனியாக ஒரு அடுப்பில் ஏதாவது வைக்க அரை மணி. விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுத, கால் பாதத்தைத் துடைத்துப் பார்க்க, மாத்திரை எடுத்து வைக்க இன்னொரு அரை மணி. மருந்துக்கடை, லேப், ஆஸ்பத்திரி வரிசை எல்லாவற்றையும் மாதக் கணக்கில் வகுத்தால் தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. நாலே முக்காலுக்கு எழுந்து 7.50 பஸ்ஸுக்கு ஓடுகிறவரிடம் இந்த இரண்டு மணி நேரம் எங்கே இருக்கிறது? எங்கள் மருந்துச் சீட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அது எங்கள் பக்கத்துக் குறை.

இன்னொன்று. ஹீமோகுளோபின் 9.8 என்பது ரத்தசோகை. பெண்களுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகுவது, நடக்கப் போக மனம் வந்தும் கால் வராதது என்று நீங்கள் சோம்பேறித்தனத்தின் கணக்கில் எழுதியிருப்பதில் பெரும்பகுதி இரும்புச் சத்துக் குறைவின் கணக்கில் போக வேண்டியது. சர்க்கரைக்காக வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்தும் குறையலாம். அதிலும் களைப்பு வரும், பாதம் எரியும். ஆகவே ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சத்தின் இருப்பு), பி12, தைராய்டு மூன்றையும் ஒரே ரத்த எடுப்பில் பார்த்துவிடுங்கள். ரத்தப்போக்குக்கு மகளிர் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். 46 வயதில் "இதெல்லாம் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

உங்கள் களைப்பைக் குறைக்கும் முதல் தொழில்நுட்பம் என்னைக் கேட்டால், மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரைதான். காபி, டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் சேராது. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துவராவிட்டால் இரும்புச் சத்தை ரத்தக் குழாய் வழியாக ஓரிரு தடவையில் ஏற்றும் மருந்துகளும் இப்போது இருக்கின்றன.

அந்த வாட்ச்

லேப் சொல்வதுதான் உண்மை. சந்தேகப்பட்டதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் அளவு. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும், அதனால்தான் இந்தப் பரிசோதனை இரண்டு மூன்று மாத நிலவரத்தைச் சொல்கிறது. இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் இந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஆனால் அந்தக் "கொஞ்சம்" உங்கள் வாட்சைக் காப்பாற்றாது. 8.6 என்றால் சராசரி சர்க்கரை 200 அளவில் இருக்கிறது என்று பொருள். வாட்ச் சொல்கிற 112 உண்மையாக இருந்திருந்தால் எச்பிஏ1சி 5.5 பக்கம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு இடைவெளியை ரத்தசோகை உண்டாக்காது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் இதே மாதிரி ஒரு வாட்ச் கட்டியிருந்தார். கழற்றித் தரச் சொல்லி, மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலில் வாரை இறுக்கிக் கட்டினோம். பின்பக்கம் பச்சை விளக்கு மினுக்கியது, அரை நிமிடத்தில் 103 என்று காட்டியது. அவர் ஒன்றும் பேசவில்லை. வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விரலை நீட்டினார். குளுக்கோமீட்டரில் 241.

தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளக்கிறோம் என்கிற ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் எதையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை, அவற்றை நம்பி மருந்தை மாற்றாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை விட்டது. இது முயற்சிக் குறைவால் வந்த தோல்வியும் இல்லை. கூகுள் 2014 ஜனவரியில், கண்ணீரிலிருந்து சர்க்கரையை அளக்கும் காண்டாக்ட் லென்ஸ் செய்கிறோம் என்று அறிவித்தது. கண்ணீரில் உள்ள சர்க்கரையும் ரத்தத்தில் உள்ள சர்க்கரையும் நம்பும்படி ஒத்துப்போகவில்லை என்று 2018 நவம்பரில் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அத்தனை பணமும் ஆளும் இருந்தவர்களால் முடியாததை 3,200 ரூபாய் வாட்ச் முடித்திருக்க வழியில்லை.

நீங்கள் காலையில் சாப்பிடும் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. அது சர்க்கரையை 70க்குக் கீழேயும் இறக்கக்கூடிய மருந்து. மதியம் சாப்பாடு தள்ளிப்போன ஒரு நாள் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டும்போது இந்த வாட்ச் "118" என்று காட்டினால் நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். எனக்குப் பயம் அதுதான். அப்படி அறிகுறி வந்தால் எந்தக் கருவியையும் பார்க்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள், இன்னும் 70க்குக் கீழே என்றால் திரும்பவும் அதையே செய்யுங்கள்.

அதே வாட்ச் அடிகளை எண்ணும், நாடித்துடிப்பைச் சொல்லும். அதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை காட்டும் என்று விளம்பரப்படுத்தி விற்றது நுகர்வோர் உரிமைப் பிரச்சினை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு மகனை விட்டுப் பேசச் சொல்லுங்கள். பில்லும், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருந்தால் போதும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ச் அதிர்ந்து, "இன்னும் 4,200 அடி பாக்கி" என்று காட்டும்போது அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 10,000 அடி என்கிற கணக்கு மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததில்லை, சகோதரி. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவிக்கு "மான்போ-கெய்", அதாவது பத்தாயிரம் அடி மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் உலகம் சுற்றி உங்கள் மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. அந்த அறிவிப்பை இன்றே அணைத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பத்து நிமிட நடை. சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையை அந்த நேரத்துத் தசை வாங்கிக்கொள்ளும். காலையில் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடப்பது ஒரு பத்து. மதியம் வங்கி வராந்தாவில் ஒரு பத்து. அதற்குச் செருப்பு மாற்ற வேண்டாம், புடவை மாற்ற வேண்டாம்.

நிறுத்திய மாத்திரைகள்

கொலஸ்ட்ரால் நார்மலாக வந்தது அந்த மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். நாற்பது வயது தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு அதைக் கொடுப்பது ரிப்போர்ட்டைச் சரி செய்ய மட்டும் இல்லை, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கத்தான். இரவுச் சர்க்கரை மாத்திரையையும் திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஆனால் மூன்று மாத இடைவெளி இருப்பதால், எந்த அளவில் என்பதை இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தியதை மறைக்காதீர்கள். மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் இன்னொன்றைச் சேர்ப்பார்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "இந்த ஏழு மாத்திரையை எத்தனையாகக் குறைக்கலாம்?" இதைக் கேட்க நோயாளிகள் கூச்சப்படுகிறார்கள், கேட்டால்தான் எங்களுக்கும் தோன்றுகிறது. நீங்கள் எழுதிய பட்டியலில் பிரஷருக்கு இரண்டு மாத்திரை தனித்தனியாக இருக்கிறது. டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையாகவே கிடைக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினை இரவுதான் போட வேண்டும் என்பதில்லை, மறக்காத வேளையில் போடலாம். காலையில் போடும் கேஸ் மாத்திரை எப்போதோ ஒரு வயிற்றுவலிக்கு எழுதப்பட்டு நிற்காமல் தொடர்கிறது என்று நினைக்கிறேன். அது இன்னும் தேவையா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வேளைக்குள், நாலு மாத்திரைக்கு வந்துவிடலாம். இரும்புச் சத்து சில மாதம் கூட ஒன்றாகச் சேரும், அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாரம் ஒரு ஊசி

காலனிப் பெண் போட்டுக்கொண்டது செமாகுளுடைடு அல்லது டிர்செபடைடாக இருக்கும். இந்த மருந்துக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான பூர்வீகம் உண்டு. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்கிற பல்லியின் எச்சிலில் கிடைத்த ஒரு பொருளைப் பின்பற்றிச் செய்த மருந்துதான் 2005இல் முதலில் வந்தது. தினம் இரண்டு ஊசியாக இருந்தது, தினம் ஒன்றாகி, இப்போது வாரம் ஒன்றாகியிருக்கிறது. ஆரோக்கியத்துக்கான உழைப்பைத் தொழில்நுட்பம் குறைக்கிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த நல்ல சான்று இது. பசி அடங்குவது மட்டுமில்லை. நாள் முழுக்க மண்டைக்குள் ஓடும் சாப்பாட்டு நினைப்பே நின்றுவிட்டது என்று சொல்கிறார்கள். "டீக்கடை பஜ்ஜி வாசனை மூக்கோடு போய்விட்டது டாக்டர், உள்ளே இறங்கவில்லை" என்றார் ஒருவர். மன உறுதியின்மை என்று நாம் திட்டியதில் எவ்வளவு வெறும் ஹார்மோன் என்பது இந்த மருந்து வந்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கான பி.எம்.ஐ. உங்களுக்கு 31. நீங்கள் இதற்குப் பொருத்தமானவர்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலனிப் பெண் உங்களிடம் சொல்லாத சிலவற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் செமாகுளுடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் அளவுக்கு எடையைக் குறைத்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் அதே காலத்தில் அது 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. உங்கள் கணக்கில் அது ஏழு கிலோ. அவருக்கு 9, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று நொந்துகொள்ளாதீர்கள். நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியிருந்தது. ஆகவே ஆறு மாதம் போட்டு நிறுத்தும் திட்டத்தோடு ஆரம்பிக்காதீர்கள். விலையையும் வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். செமாகுளுடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். நம் நாட்டு நிறுவனங்கள் பல தயாரிக்கத் தொடங்கும்போது விலை இறங்குவது இயல்பு.

எடையோடு தசையும் குறையும். பருப்பு, முட்டை, சுண்டல், மோர், மீன் என்று புரதம் கூட வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது மாதிரி தசைக்கு வேலை தருகிற பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாளாவது வேண்டும். அந்த உழைப்பை ஊசி எடுத்துக்கொள்ளாது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆரம்ப வாரங்களில் சாதாரணம். பித்தப்பைக் கல் வரலாம். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள் இதைப் போடக் கூடாது. கிளிமிபிரைடோடு சேர்ந்தால் லோ சுகர் வரும், அதனால் அந்த அளவைக் குறைக்க வேண்டும். இன்னொரு முக்கியமான விஷயம், விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம். நீங்கள் கடைசியாகக் கண் காட்டி மூன்று வருடம் ஆகிறது. கண் பார்க்காமல் இந்த ஊசியை நான் ஆரம்பிக்க மாட்டேன்.

அழகு நிலையத்திலோ வாட்ஸ்அப்பிலோ யாராவது விற்றால் வாங்காதீர்கள். டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய, குளிர்ச்சியில் பாதுகாக்க வேண்டிய மருந்து அது.

கையில் ஒட்டும் சென்சார்

வாட்சின் இடத்தில் வைக்க உண்மையான கருவி ஒன்று இருக்கிறது. மேற்கையின் பின்பக்கத்தில் ஒட்டுவது. பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டம், அதிலிருந்து முடி போன்ற மெல்லிய இழை தோலுக்கு அடியில் போகும். அங்குள்ள திரவத்தின் சர்க்கரையைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும். ரத்தத்தைவிடக் கொஞ்ச நிமிடம் பின்தங்கியிருக்கும். 14 நாள் தாங்கும். ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதனால் மாதாமாதம் ஒட்டிக்கொள்ளச் சொல்ல மாட்டேன், இன்சுலின் போடாத உங்களுக்கு அது தேவையும் இல்லை. வருடத்தில் ஒன்றோ இரண்டோ தடவை ஒட்டினால் போதும்.

அது என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வயதை ஒத்த ஒரு அம்மா, தையல் வேலை செய்கிறவர், சோறு ஒரு கரண்டிதான் சாப்பிடுகிறேன், சுகர் இறங்கவே இல்லை என்று என் முன்னால் அழுதிருக்கிறார். நானும் மனதுக்குள் முழுசாக நம்பவில்லை, அதற்காக இன்றும் வருந்துகிறேன். சென்சார் ஒட்டி 14 நாள் கழித்துக் அது வரைந்த கோட்டுப் படத்தை விரித்துப் பார்த்தோம். பள்ளி நாட்களில் மட்டும், காலை 8.40க்கு ஒரு மேடு. அவர் டிபன் சாப்பிடுவது பத்து மணிக்கு. 8.40க்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "பிள்ளைங்க வேன் ஏறினதும் தட்டைக் கழுவப் போடுவேன்... அதுல மிச்சம் இருக்கிற இட்லியைக் கொட்ட மனசு வராம வாயில போட்டுக்குவேன்" என்றார். ஒன்றரை இட்லி, சில நாள் இரண்டு. அது சாப்பாடு என்றே அவர் கணக்கில் இல்லை. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு இட்லி குறைத்து வைத்தார். பத்தியம் எதையும் நான் புதிதாக எழுதவில்லை.

உங்கள் நாளிலும் இப்படி ஒரு மேடு இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தால், வேண்டாத பத்து கட்டுப்பாடுகளைக் கைவிட்டு வேண்டிய ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நாலு லட்சம் ரூபாய் ஸ்டெம் செல்

செய்யாதீர்கள். வெளிநாடுகளில் நடப்பது உண்மை. ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்லிலிருந்து வளர்த்த கணையத் திசுக்களைச் செலுத்திய ஒரு ஆய்வில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் இல்லாமல் இருந்ததாக 2025இல் வெளியானது. அவர்கள் எல்லாரும் கணையத்தில் இன்சுலின் சுரப்பு ஏறத்தாழ நின்றுபோன முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், அதிலும் உயிருக்கு ஆபத்தான லோ சுகர் அடிக்கடி வருகிறவர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளையும் அவர்கள் சாப்பிட வேண்டும். உங்களுடையது இரண்டாம் வகை. உங்கள் கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறது, உடம்பு அதைச் சரியாக ஏற்கவில்லை. நோயின் வேரே வேறு. தானாக அளவிட்டு இன்சுலின் செலுத்தும் பம்புகள் 2016 முதல் இருக்கின்றன, அவையும் பெரும்பாலும் முதல் வகைக்காரர்களுக்கானவை.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் அதில் சேர்கிறவரிடம் பணம் வாங்கக் கூடாது. நாலு லட்சம் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்குப் பதில். உறவினரின் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமானால், "ஆய்வுப் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழு அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். அத்தோடு நின்றுவிடும்.

மகன் சொல்கிற அஞ்சாறு வருடம்

அவன் சொல்வதில் பாதி சரி. வாரம் ஒரு தடவை போடும் இன்சுலினுக்கு 2024இல் ஐரோப்பா அனுமதி தந்துவிட்டது. கொலஸ்ட்ராலுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இப்போதே இருக்கிறது, விலைதான் எட்டவில்லை. பிரஷருக்கும் அதே மாதிரி நீண்ட இடைவெளி ஊசி ஆய்வில் இருக்கிறது. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவை 2016இல் கூகுள் வெளியிட்டபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கெடுத்தன. உங்கள் மாமியாருக்கு மாதாமாதம் வாசலுக்கே வந்து பிரஷர் மாத்திரை தருகிறார்களே, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், அதையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். பெரிய கருவி எதுவும் இல்லாமல் ஒரு முதியவரின் அலைச்சலைக் குறைத்திருக்கிறது.

மீதிப் பாதி சரியில்லை. வாய்வழியாக மூச்சோடு உள்ளிழுக்கும் இன்சுலின் ஒன்று 2006இல் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது, 2007இலேயே விற்பனையை நிறுத்தினார்கள். நடக்காமலே நடந்த பலன் தரும் மாத்திரை என்று எலிகளிடம் அதிசயம் காட்டிய ஒரு மருந்து, புற்றுநோய் உண்டாக்குகிறது என்று கைவிடப்பட்டது. எது வரும், எது நிற்கும் என்று யாராலும் தேதி போட முடியாது. அதற்குள் உங்கள் ரத்தக் குழாய்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வில், நோயின் ஆரம்பத்திலேயே சர்க்கரையை நன்றாக வைத்திருந்தவர்களுக்கு, ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்தும் மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. இத்தனைக்கும் ஆய்வு முடிந்த ஒரு வருடத்துக்குள் இரு குழுவினருக்கும் சர்க்கரை அளவு ஒன்றாகிவிட்டது. நல்ல வருடங்களை உடம்பு நினைவில் வைத்திருக்கிறது, கெட்ட வருடங்களையும்தான்.

காத்திருப்பது பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு எலிசபெத் ஹியூஸ் நினைவுக்கு வருகிறாள். அமெரிக்கச் சிறுமி, 1919இல் 11 வயதில் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. அப்போது இன்சுலின் இல்லை. பட்டினிக்குக் கொஞ்சம் மேலான உணவை அளந்து அளந்து தந்து உயிரை நீட்டிப்பது ஒன்றுதான் வழி. 1922 ஆகஸ்டில் டொராண்டோவில், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாக்டர் பாண்டிங்கிடம் கொண்டுபோனபோது அவளுக்கு 15 வயதை ஒட்டியிருந்தது, எடை ஏறத்தாழ 20 கிலோ. இன்சுலின் கிடைத்தது. பிழைத்து, படித்து, கல்யாணம் செய்து, மூன்று பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். அந்த மூன்று வருடம் அவள் தாக்குப்பிடிக்காமல் போயிருந்தால், இன்சுலின் வந்து அவளுக்கு என்ன பயன்?

அவள் பட்ட பாட்டை உங்களை நான் படச் சொல்லவில்லை. உங்கள் கையில் இன்று மருந்து இருக்கிறது. மகன் சொல்கிற அந்த நாள் வரும்போது உங்கள் கண், சிறுநீரகம், பாத நரம்பு மூன்றும் நல்லபடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். செத்துப்போன நரம்பை உயிர்ப்பிக்கிற மருந்து இன்று எங்கேயும் இல்லை.

மகனுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவின் கஷ்டம் குறைய வேண்டும் என்கிற அவனுடைய நினைப்பு தங்கமானது. 3,200 ரூபாயைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டான், பரவாயில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் கணவர் சமையலறைக்குள் வந்ததாக ஒரு வரி இல்லை. மூன்று டப்பாவில் ஒன்றை அவர் கட்டினாலே நீங்கள் பஸ்ஸுக்கு ஓடாமல் நடந்து போகலாம். இதை நீங்கள் கேட்பதைவிட மகன் அப்பாவிடம் எடுத்துச் சொன்னால் எளிதாக நடக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டரைப் பார்த்து நிறுத்திய மாத்திரைகளைச் சொல்லுங்கள். ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சிறுநீரகத்தைப் பார்க்கக் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கொடுங்கள். மகளிர் மருத்துவருக்கு நேரம் வாங்குங்கள். ஊசி பற்றிய பேச்சைக் கண் ரிப்போர்ட் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கண் பரிசோதனையை மகன் ஊருக்கு வருகிற சனிக்கிழமைக்கு வையுங்கள். கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கலாகத் தெரியும். தனியாக பஸ் ஏற வேண்டாம். அவன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.